செட்டிநாட்டு வட்டாரத்துக்குப் போக்குவரத்துத் திட்டம்: ஊர்க்காரர்களை எந்தக் கட்டத்தில், எப்படிச் சேர்ப்பது?

கேள்வி இது: "காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி ஆகிய ஊர்களையும் இடையில் உள்ள கிராமங்களையும் சேர்த்து ஒரு வட்டாரப் போக்குவரத்துத் திட்டம் தயாரிப்பதாக இருந்தால், உள்ளூர் மக்களை அதில் எப்படிச் சேர்ப்பது? ஒப்புக்கு ஒரு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கி முடித்துவிடாமல் நம் பேச்சு திட்டத்தில் ஏற என்ன வழி?"

இதற்கு நான் முதலில் சொல்வது: மக்களிடம் கருத்தைக் கேட்பதற்கு முன் அவர்களுடைய பயணத்தைக் கேளுங்கள். "இந்தச் சாலை வேண்டுமா?" என்று கேட்டால் நிலம் போகிறவர் வேண்டாம் என்பார், மற்றவர்கள் வேண்டும் என்பார்கள். அந்தப் பதிலை வைத்துப் பொறியாளர் ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. "நேற்று எங்கே போனீர்கள், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எவ்வளவு செலவானது, பஸ் இல்லாததால் இந்த மாதம் போகாமல் விட்டது எது?" என்று கேட்டால் ஒவ்வொரு பதிலும் நேரமாகவும் தூரமாகவும் ரூபாயாகவும் வரும். அதைத் திட்டத்துக்குள் ஏற்றலாம். இந்த வேலை வரைபடத்தில் கோடு விழுவதற்கு முன்பே நடக்க வேண்டும். கோடு விழுந்த பிறகு கூட்டும் கூட்டத்தில் அதிகாரி அந்தக் கோட்டைக் காப்பாற்றத்தான் பேசுவார். மனிதர் யாராக இருந்தாலும் அப்படித்தான்.

எல்லைக்கு இரண்டு பக்கமும்

செட்டிநாடு என்று நாம் சொல்கிற நிலப்பரப்பு நிர்வாகத்தில் ஒரே அலகு கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், திருப்பத்தூர் பக்கம் சிவகங்கை மாவட்டம். இராயவரம், இராமச்சந்திரபுரம், பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். ஒரு ஊரின் பள்ளிக்கூடம் டிஎன் 63-இலும் (சிவகங்கை வண்டி எண்) அதே ஊரின் சந்தை டிஎன் 55-இலும் (புதுக்கோட்டை) இருக்கும். மக்கள் எல்லையைப் பார்த்துப் பயணம் செய்வதில்லை, கோப்புகள் எல்லையைத் தாண்டுவதில்லை. வட்டாரத் திட்டங்களில் அதிகம் விடுபட்டுப்போவது இந்த எல்லையோரக் கிராமங்கள்தான்.

இதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. பஸ் வழித்தட அனுமதியைத் தரும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு நம் மாநிலத்தில் மாவட்ட ஆட்சியர்தான் பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 69-ஆம் பிரிவுப்படி, ஒரு வழித்தடம் இரண்டு வட்டாரங்களில் ஓடினால், தூரத்தில் பெரும்பகுதி எங்கே இருக்கிறதோ அந்த வட்டார ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொரு வட்டாரத்திலும் அது செல்லுபடியாக அங்கே மேலொப்பம் வேண்டும் என்கிறது 88-ஆம் பிரிவு. ஆகவே எல்லை தாண்டும் கோரிக்கையை எழுதும்போது மொத்தத் தூரம், சிவகங்கைப் பக்கம் எத்தனை கி.மீ., புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை கி.மீ. என்று பிரித்தே எழுதி, இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொடுத்த மனு "இது எங்கள் எல்லையில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பும்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானபோது அருகிலிருந்த சில ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. அந்தப் பகுதிகளுக்கு இப்போது கிராம சபை இல்லை. அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான் பேச வேண்டிய இடம். பழைய பழக்கத்தில் ஊராட்சித் தீர்மானத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

யாரை உட்கார வைப்பது

அழைப்பிதழ்ப் பட்டியல் வழக்கமாக எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: தலைவர்கள், வணிகர் சங்கம், பஸ் உரிமையாளர்கள், கல்லூரி முதல்வர்கள். இவர்கள் வேண்டியவர்களே. ஆனால் இவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் போகிறவர்கள் இல்லை. பயணத்தையே நம்பி வாழ்கிறவர்களைத் தனியாகத் தேடிப் போக வேண்டும்.

விடியற்காலையில் காய்கறி, கீரை, மீன் கூடையோடு டவுனுக்கு வரும் பெண்கள் முதல் வரிசை. கூடைக்கு இடம் தராத பஸ் அவர்களுக்கு இல்லாத பஸ்தான். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர்களுக்குப் பாரம் ஏற்றிய வண்டி எந்தத் தரைப்பாலத்தில் தயங்குகிறது என்று தெரியும். பலகாரம் செய்து பார்சல் அனுப்பும் வீடுகளுக்கு, சாயங்காலம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதே தொழில். அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிகளுக்கும் வரும் பிள்ளைகளில், மாலையில் ஆய்வக வகுப்பு முடிந்து வீடு திரும்ப வண்டி இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று துறைவாரியாகக் கேட்கலாம். டயாலிசிஸ், பிரசவப் பரிசோதனை என்று அரசு மருத்துவமனைக்குத் தேதி குறித்துப் போகிறவர்கள் தனிக் கூட்டம். ஷேர் ஆட்டோ ஓட்டுநர், மினி பஸ் நடத்துநர், டைம் கீப்பர் ஆகிய மூவரிடமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், எந்த நிறுத்தத்தில் எந்த நேரம் எத்தனை பேரை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று கணக்கோடு சொல்வார்கள். கண்மாய் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) விவசாயிகளும் நீர் பாய்ச்சும் ஆட்களும் ஏன் வேண்டும் என்பதைச் சாலைப் பகுதியில் சொல்கிறேன்.

இன்னொரு தரப்பு இங்கே உண்டு: வெளியூரில் வாழும் நகரத்தார் குடும்பங்கள். வீடு இங்கே, ஆள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கும்பாபிஷேகத்துக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். அவர்களை நாளிதழ் அறிவிப்பு எட்டாது. நகரத்தார் விடுதி, கோயில் காரியக்காரர்கள், ஊர் வாட்ஸாப் குழு ஆகிய மூன்று வழியிலும் ஒரே பக்கத் தமிழ்க் குறிப்பும் வரைபடமும் போக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வெளியூரில் இருப்பவருக்கு வசதியும் எழுத்துப் பழக்கமும் அதிகம், அவருடைய கடிதம் அழகாக வரும். தினமும் நடந்து போகிறவரின் வாய்ச்சொல்லை அந்தக் கடிதம் மூடிவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனிப் பட்டியலாகவே வையுங்கள்.

கூட்டம் நடக்கும் இடமே யார் பேசுவார்கள் என்பதை முடிவு செய்துவிடுகிறது. கோயில் மண்டபத்திலோ ஊர்ப் பெரியவர் வீட்டு முகப்பிலோ கூட்டினால் ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வருகிறவர் ஓரத்தில் நின்றுவிட்டுப் போய்விடுவார். பஸ் பெரிய ஊரின் வாசலோடு திரும்பிவிட, குடியிருப்புக்காரர்கள் மீதித் தூரத்தை நடக்கும் வழித்தடங்கள் இந்த மண்ணில் இன்னும் இருக்கின்றன. அது பொதுக் கூட்டத்தில் வெளியே வராது. அங்கேயே, அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு தனியாக ஒரு கூட்டம் வையுங்கள். இதில் சமரசம் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எண்ணிக் காட்டுங்கள்

பஸ் கேட்டால் வரும் முதல் பதில் "கலெக்‌ஷன் இல்லை". கிலோமீட்டருக்கு வசூல் குறைவு என்று ட்ரிப் ஷீட்டைக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு தவறானதல்ல, அரைக் கணக்கு. பஸ்ஸில் ஏறியவரைத்தான் அது எண்ணும். நேரம் ஒத்துவராமல் ஷேர் ஆட்டோவில் போனவரையும், போகாமலே விட்டவரையும் எண்ணாது. ஒரு வண்டி காலை 10.30-க்கு வந்தால் பள்ளிப் பிள்ளையும் ஏற முடியாது, சந்தைக்குப் போகிறவரும் ஏற முடியாது. காலியாகத்தான் போகும். பிறகு அந்தக் காலியைக் காட்டியே நிறுத்துவார்கள்.

ஆகவே ஊரே ஒரு கணக்கெடுப்பு செய்ய வேண்டும். ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு பேர், காலை 5.30 முதல் இரவு 10 மணி வரை, மூன்று ஷிப்ட். தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நின்றவர், ஏறியவர், இடமில்லாமல் விடுபட்டவர், ஷேர் ஆட்டோவில் போனவர், இருசக்கர வண்டியில் லிப்ட் கேட்டுப் போனவர் என்று ஐந்து எண்கள். பெண்களையும் சீருடைப் பிள்ளைகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர், சாதி, போன் எண் எதுவும் வேண்டாம். கேட்டால் மக்கள் ஒதுங்குவார்கள்.

ஒரு நாள் போதாது. சாதாரணப் பள்ளி நாள் இரண்டு, சந்தை நாள் ஒன்று, முகூர்த்த நாள் ஒன்று, திருவிழா நாள் ஒன்று என்று குறைந்தது ஐந்து நாள் எடுங்கள். சாலைக்கான வாகனக் கணக்கெடுப்பை நெடுஞ்சாலைத் துறை ஏழு நாள் இரவு பகலாக எடுப்பதுதான் முறை. எந்த ஏழு நாள் என்பதில்தான் நம் ஊர் தவறிப்போகிறது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியிலும், பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடியிலும், பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் சேரும் கூட்டம் சாதாரண வாரத்தின் கணக்கில் வராது. தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியிலிருந்து காவடி கட்டிச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களும் சாலையைப் பயன்படுத்துகிறவர்களே. அவர்களுக்குத் தார் விளிம்புக்கு வெளியே நடக்க இடம் உண்டா, நடுத்தடுப்பில் எங்கே கடப்பது, இரவில் எங்கே வெளிச்சம் என்று திட்ட வரைவில் ஒரு வரி இருக்க வேண்டும்.

அரசு பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் கட்டணம் இல்லை. அவர்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துத் தருவதால் அந்த எண்ணிக்கை அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கும். காரைக்குடி மண்டலம் கும்பகோணம் கோட்டத்தைச் சேர்ந்தது. கிளை மேலாளரிடம் நேரில் கேட்டுப் பாருங்கள்; தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் தடம் எண், தேதி, சிங்கிள் (ஒரு வழி நடை) வாரியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. "உங்கள் தடத்தை நீட்டித் தருகிறோம்" என்ற நல்ல செய்தியோடு டவுன் பஸ் மப்சல் (வெளியூர்) பஸ்ஸாக மாறினால் பெண்களுக்கு அந்தச் சலுகை போய்விடும். கீரைக்காரப் பெண் ஒருவருக்கு மாதம் எத்தனை நடை என்று பெருக்கிப் பார்த்தால் அது சின்னத் தொகை அல்ல. நீட்டிப்பு கேட்கும் தீர்மானத்தில் "டவுன் பஸ்ஸாகவே" என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கூட்டத்தை நடத்தும் விதம்

பகல் 11 மணிக் கூட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர் வர முடியாது. மாலை 6 முதல் 7.30 வரை, ஒரு குழுவில் 15 முதல் 20 பேர், 90 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு ஊருக்கு நான்கைந்து குழு. பெண்களுக்கான கூட்டத்தை மகளிர் சுயஉதவிக் குழு கூடும் நாளிலேயே வைத்தால் தனியாக அழைக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் எல்லாத் தரப்பையும் ஒரே பந்தலில் சேர்த்தால் மைக் பிடித்தவர்தான் பேசுவார்.

பொறியாளர் வரைபடத்தை விரிக்காதீர்கள். தரையில் கோலப்பொடியால் ஊரைப் போடச் சொல்லுங்கள். முதலில் ஊருணி, கோயில், கண்மாய்க் கரை, பள்ளி, ரேஷன் கடை, பிறகு ரோடு. நாம் திசை சொல்வது இவற்றை வைத்துத்தான். அதன்மேல் போகிற இடத்துக்கு ஒரு நிறம், இருட்டில் பயப்படும் இடத்துக்கு ஒரு நிறம், மழையில் துண்டிக்கப்படும் இடத்துக்கு ஒரு நிறம் என்று பொடி தூவச் சொல்லுங்கள். மேலிருந்து போட்டோ எடுத்து, அன்றைக்கே ஒருவர் அதைத் தாளில் பெயர்த்து எழுத வேண்டும். மறுநாள் செய்தால் பாதி மறந்துபோகும். அதன்பின் காலை 7 மணிக்கு ஐந்தாறு பேர் அந்த வழியை நடந்து பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் ஒருவரும் பள்ளிப் பிள்ளை ஒருவரும் கூட வந்தால், நடைபாதையில் நடப்பட்ட மின்கம்பமும் மூடியில்லாத வாய்க்காலும் விவாதமே இல்லாமல் பட்டியலில் ஏறும். நடைபாதைக்குத் தடையில்லாத குறைந்த அகலம் 1.8 மீட்டர் என்பது இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டு அளவு. டேப் எடுத்துப் போய் அளந்து எழுதுங்கள்.

ஊரின் முடிவு கிராம சபைத் தீர்மானமாக ஆனால்தான் அதற்குக் காகித பலம் வரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் சபை நடக்கும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்பது குறைவெண் (வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு). கையெழுத்து குறைந்தால் தீர்மானம் நிற்காது.

தீர்மானத்தின் வாசகத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் ஊருக்குப் போதிய பஸ் வசதி செய்து தரக் கேட்டுக்கொள்கிறோம்" என்பதில் அதிகாரி செயல்படுத்த எதுவும் இல்லை. தடம் எண், புறப்படும் இடம், சேரும் இடம், வேண்டிய நேரம், தினசரியா பள்ளி நாளா, கணக்கெடுப்பில் எத்தனை பேர், இப்போதைய கடைசி வண்டி எத்தனை மணி, எந்தச் சிங்கிளை விட்டுக்கொடுக்கத் தயார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஊருக்கு மேசையில் தனி மதிப்பு கிடைக்கும். வண்டியும் ஆளும் அளவோடுதான் இருக்கின்றன; காலியாகப் போகும் மதியச் சிங்கிளைக் காலைக்கு மாற்றக் கேட்பது புதுவண்டி கேட்பதைவிட எளிதில் நடக்கும்.

மினி பஸ்

உள்கிராமங்களுக்கு இன்று கைக்கெட்டும் வழி இதுதான். புதிய விரிவான மினி பஸ் திட்டத்துக்கு 2024 ஜூனில் வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்டார்கள். 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மொத்தத் தடம் 25 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதில் குறைந்தது 65 சதவீதம் ஏற்கெனவே பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். 20 கி.மீ. தடம் என்றால் 13 கி.மீ. புதுப்பாதை, மீதி 7 கி.மீ.தான் பஸ் ஓடும் ரோட்டில். முந்தைய திட்டத்தில் 16 கி.மீ. புதுப்பாதை, 4 கி.மீ. பழைய பாதை என்று இருந்தது. அந்த 4 கி.மீ.க்குள் பஸ் நிலையத்தையோ ஆஸ்பத்திரியையோ எட்ட முடியாமல் பல தடங்கள் பாதியில் நின்றன. ஊர் கூடித் தடம் வரையும்போது இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். ஆசைப்பட்டு ஆறு கிராமத்தைச் சேர்த்தால் சதவீதம் நிறையும், ஆனால் சுற்றுப்பாதையில் நேரம் இரட்டிப்பாகி ஆள் ஏறமாட்டார்கள். நேராகப் போனால் வேகம் இருக்கும், சதவீதம் தவறும். மூன்று மாற்றுத் தடம் வரைந்து, தூரமும் நிமிடமும் எழுதி, குழுக்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

தூரத்தை பைக் மீட்டரில் இரண்டு முறை அளந்து, எந்தத் துண்டில் இப்போது பஸ் ஓடுகிறது என்று தடம் எண்ணோடு குறித்துக் கொடுங்கள். ஒன்றியச் சாலைகள் பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம்தான். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க எங்கே மண்விளிம்பு உறுதியாக இருக்கிறது, திரும்ப எங்கே இடம், எந்தப் புளியங்கிளை கூரையில் இடிக்கும் என்பதை ஆய்வுக்கு வருபவர் பார்ப்பதற்கு முன் ஊரே பார்த்துச் சரிசெய்து வைத்தால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம். ஷேர் ஆட்டோக்காரர்களை எதிரியாக நிறுத்தாதீர்கள். மினி பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே போகும் துண்டுகளை அவர்களுக்கு ஒதுக்கிப் பேசினால் இரண்டும் பிழைக்கும்.

சாலை போடும்போது தண்ணீரைக் கேளுங்கள்

செட்டிநாட்டு ஊர் அமைப்பே மழைநீரை வைத்து எழுந்தது. வளவில் (வீட்டு முற்றத்தில்) விழும் தண்ணீர் தெரு வாய்க்காலுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு, ஊருணி நிறைந்தால் கண்மாய்க்கு. கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு. இந்தச் சங்கிலியைக் குறுக்கே வெட்டாமல் இங்கே ஒரு புறவழிச்சாலை போட முடியாது. எங்கே வெட்டுகிறது, அங்கே எவ்வளவு அகலத்தில் பாலம் என்பதே கேள்வி. பொறியாளர் கோடையில் வந்து பார்க்கும்போது வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) மாடு மேயும் பள்ளமாகத் தெரியும். ஒரு குழாய்ப்பாலம் போதும் என்று எழுதிவிடுவார். ஐப்பசி மழையில் அதே பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும் என்பது நீர் பாய்ச்சும் ஆளுக்குத்தான் தெரியும். குழாய் செடியிலும் குப்பையிலும் அடைபட்டால் மேல்பக்க வயல் அழுகும், கீழ்ப்பக்கக் கண்மாய் காயும். ஒரே சாலையில் இரண்டு நஷ்டம்.

ஆகவே திட்டப்பகுதியின் ஒவ்வொரு கண்மாய்க்கும் ஆயக்கட்டுக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு கோடு போகும் வழியை நடந்து, ஒவ்வொரு வரத்துக்கால், கலுங்கு, மடை வாய்க்காலையும் போன் வரைபடத்தில் புள்ளி வைத்து, அகலம், அதிகபட்சம் தண்ணீர் ஏறிய உயரம் இரண்டையும் எழுதுங்கள். மரத்திலோ சுவரிலோ பழைய நீர்க்கறை இருந்தால் டேப்போடு போட்டோ எடுங்கள். இந்தப் பட்டியலைத் திட்ட அறிக்கை தயாராகும் முன் கொடுத்தால் பாலத்தின் அளவு மாறும். பணி ஆணை போன பிறகு கொடுத்தால் "செலவு மதிப்பீட்டில் இல்லை" என்ற பதில்தான்.

ஊருக்குள் சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும். மேலே மேலே போட்டால் தெரு வீட்டைவிட உயர்ந்துவிடும். உயர்ந்த திண்ணை உள்ள வீடுகள் தப்பும். பின்தெருவில் தாழ்வாகக் கட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் போகும். வேலை தொடங்கும் முன் பத்து வீட்டு வாசற்படியிலிருந்து தெரு எத்தனை அங்குலம் கீழே என்று அளந்து வையுங்கள். அதுதான் பின்னால் சாட்சி.

நான்குவழிச் சாலையில் சுரங்கப்பாதை என்றால் உயரம் கேளுங்கள். சிறிய வாகனங்களுக்கென்று 4 மீட்டர் உயரத்தில் அமைப்பது உண்டு. வைக்கோல் ஏற்றிய டிராக்டரும், சப்பரமும், உற்சவ வாகனமும் அதில் போகுமா என்று கோயில்காரர்களும் விவசாயிகளும் அளவோடு எழுதித் தர வேண்டும். அடுத்த கேள்வி, மதுரை பஸ்ஸும் திருச்சி பஸ்ஸும் ஊருக்குள் வந்து போகுமா, பிரிவு ரோட்டில் இறக்கிவிட்டுப் போகுமா என்பது. இரவு 11 மணிக்கு விளக்கில்லாத பிரிவில் இறங்கும் பெண்ணுக்கு அந்தச் சாலை மிச்சப்படுத்திய பத்து நிமிடத்தால் என்ன பயன்? பிரிவில் நிழற்குடை, விளக்கு, இணைப்பு வண்டி ஆகியவை சாலை மதிப்பீட்டிலேயே வர வேண்டும்.

நாள் கெடு

மக்கள் அதிகம் இழப்பது இங்கேதான். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க 3ஏ அறிவிக்கை வந்தால் ஆட்சேபிக்க 21 நாள்தான். முப்பது பங்காளிகள் உள்ள கூட்டுப் பட்டாவில் சேதி எல்லோரையும் சுற்றி வரவே அந்த நாள் போய்விடும். ஒவ்வொரு கூட்டுப் பட்டாவுக்கும் ஊரிலிருக்கும் ஒருவரை எழுத்துமூலம் தொடர்பாளராக முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தில் "நிலம் தரமாட்டோம்" என்று மட்டும் எழுதினால் நிராகரிப்பது சுலபம். சர்வே எண், கிணறு, மரம், பாதை, வேறு எந்த வழியாகக் கோட்டை நகர்த்தலாம் என்று எழுதினால் அதற்குத் தனிப் பதில் தந்தாக வேண்டும்.

சுற்றுச்சூழல் பொதுவிசாரணை வரும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணி 100 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால் 2006 அறிவிக்கைப்படி அந்த விசாரணையே வராது. மேலூர்–காரைக்குடி அளவிலான தூரங்கள் அந்த வரம்புக்குள்தான் நிற்கும். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் மண்டலத் திட்டமோ முழுமைத் திட்டமோ வந்தால் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவித்துக் குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபத்துக்குத் தர வேண்டும். அதில் உங்கள் இடத்தைச் சாலைக்கென்று ஒதுக்கினால் 3 ஆண்டுக்குள் எடுக்கும் நடவடிக்கை இல்லாவிட்டால் ஒதுக்கீடு விலகியதாகக் கொள்ள வழி உண்டு. பஸ் தடங்களுக்கான அரசு வரைவுத் திட்டத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 30 நாள். இந்தத் தேதிகளைப் பார்க்கவென்றே ஒன்றியத்துக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பஸ் நிலையம் இடம் மாறுவதாக இருந்தால் தெருவோர வியாபாரிகளின் நகர விற்பனைக் குழுவில் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது. 2014 சட்டப்படி அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாக. காரைக்குடி மூன்று பக்கம் பிரியும் சந்திப்பு. 2019-இல் திருவாரூர் வரை அகலப்பாதை முழுமையாகத் திறந்தபோது கேட்கீப்பர்கள் இல்லாததால், ரயிலிலேயே வந்த ஆட்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடித் திறக்க வேண்டியிருந்தது. சுமார் 150 கி.மீ. போக அரை நாள் பிடித்தது. பாதை மட்டும் போதாது, இயக்கும் ஆள் வரை கேட்க வேண்டும் என்பதற்கு அது கண்முன் உள்ள சான்று. செட்டிநாடு நிலையமும் தேவகோட்டை ரஸ்தாவும் ஊரிலிருந்து தள்ளி நிற்பவை. ரயில் நேரத்துக்கு இணைப்புப் பஸ் கேட்கும் மனு ரயில்வேயின் பயணிகள் ஆலோசனைக் குழுவுக்கும் பஸ் கிளைக்கும் சேர்ந்தே போக வேண்டும். ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கேட்பவர்கள், ஒரு நாளைய ரயில் எண்ணிக்கையை வாகன அலகால் பெருக்கினால் ஒரு லட்சம் வருகிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இருசக்கர வண்டிக்கு முழு அலகு கிடையாது. வராவிட்டால் சுரங்கப்பாதைதான் தருவார்கள். அதில் மழைநீர் எங்கே வடியும் என்ற கேள்வியோடு ஆயக்கட்டுக்காரர்கள் போக வேண்டும்.

சொன்னதும் செய்ததும்

எல்லாக் கூட்டத்திலும் வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் போட்டு ஒரே பதிவேட்டில் எழுதுங்கள்: சொன்ன குழு (ஆள் பெயர் வேண்டாம்), இடம், கோரிக்கை, எந்தத் துறை, துறையின் பதில், காரணம், தேதி. "ஏற்கவில்லை" என்பதும் பதில்தான். காரணம் காலியாக இருக்கக் கூடாது. இரண்டாம் சுற்றுக் கூட்டத்துக்கு இந்தப் பதிவேட்டோடுதான் திட்டக்காரர்கள் வர வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒரு முறை பேசிப் பதில் வராத ஊர் அடுத்த முறை கூட்டத்துக்கு வராது, அதில் தவறும் இல்லை.

பதிவேட்டின் நகலை ஊராட்சி அலுவலகச் சுவர், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் மூன்றிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். புதுத்தடம் ஓடத் தொடங்கினால் முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் அதே நிறுத்தத்தில் அதே தாளில் மறுபடி எண்ணுங்கள். மூன்றாம் மாதத்தில் ஆள் குறைந்திருந்தால் நேரத்தை 15 நிமிடம் முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்க அப்போதே மனு போட வேண்டும். தாள்களைத் தனி ஆள் வீட்டில் வைக்காமல், மகளிர் குழுக் கூட்டமைப்பின் அலமாரியில் தீர்மான நகல்களோடு ஒரே கோப்பாக வையுங்கள். கிளை மேலாளரும் வட்டாட்சியரும் மாறி வருவார்கள். புதிதாக வருபவர் மேசையில் முதல் வாரமே அந்தக் கோப்பு போய்ச் சேர வேண்டும்.